கொடியின் மேல் எத்தனை லக்ஸ்?

சிறிய அருங்காட்சியகங்கள் எல்இடி விளக்குக்கு மாறிக்கொண்டிருக்கும் காலம் இது. மின்கட்டணம் குறையும் என்பதில் சந்தேகமில்லை. உள்ளே இருக்கும் அரும்பொருளுக்கு என்ன ஆகும் என்பதுதான் பெரும்பாலும் கேட்கப்படாமல் போகிறது.

சென்னை புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் மத்திய தொல்லியல் துறையின் அருங்காட்சியகத்தில் ஒரு பட்டுக் கொடி இருக்கிறது. 1947 ஆகஸ்ட் 15 அதிகாலையில் அதே கோட்டையின் கம்பத்தில் ஏறிய மூவர்ணக் கொடி. ஏறத்தாழ 12 அடி நீளம், 8 அடி அகலம். பல ஆண்டுகள் பாதுகாப்பில் இருந்துவிட்டு, 2013-ல்தான் பொதுமக்களின் பார்வைக்கு வந்தது. கண்ணாடிப் பேழை, ஈரத்தை உறிஞ்சச் சிலிக்கா ஜெல், குளிரூட்டிய அறை, அடக்கமான வெளிச்சம். கோட்டை மைதானத்தின் வெயிலிலிருந்து உள்ளே வருகிறவருக்கு முதலில் ஒன்றும் சரியாகப் புலப்படாது. இவ்வளவு பெருமை வாய்ந்த கொடியை ஏன் இருட்டில் வைத்திருக்கிறார்கள் என்று தோன்றும். இன்றைக்குத்தான் எல்இடி வந்துவிட்டதே, நாலு விளக்கைப் போட்டுப் பளிச்சென்று காட்டக் கூடாதா?

கூடாது. ஏன் என்பதைப் புரிந்துகொண்டால், ஒரு சின்ன அருங்காட்சியகத்தில் விளக்கு மாற்றுவது என்பது எவ்வளவு பெரிய முடிவு என்பதும் புரிந்துவிடும்.

முதலில் கணக்கு. ஒரு பரப்பின் மேல் விழும் வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகால் அளக்கிறார்கள். நண்பகல் வெயிலில் திறந்தவெளியில் சுமார் 1,00,000 லக்ஸ் இருக்கும். நன்றாக விளக்குப் போட்ட அலுவலகத்தில் 300 முதல் 500. பட்டு, நீர்வண்ண ஓவியம், எளிதில் வெளுக்கும் சாயமிட்ட துணி, பழைய புகைப்படம் போன்றவற்றுக்கு அருங்காட்சியகங்கள் பின்பற்றும் உச்சவரம்பு 50 லக்ஸ். லண்டன் தேசிய ஓவியக்கூடத்தின் அறிவியல் ஆலோசகராக இருந்த கேரி தாம்ஸன் 1978-ல் எழுதிய நூல்தான் இந்த எண்ணை உலகம் முழுக்கப் பரப்பியது. ஆனால் 50 லக்ஸில் வைத்துவிட்டால் பொருள் பத்திரம் என்று அர்த்தமில்லை. சர்வதேச ஒளியூட்டல் ஆணையம் 2004-ல் வெளியிட்ட வழிகாட்டி, மிகவும் மென்மையான பொருள்களுக்கு ஆண்டுக்கு 15,000 லக்ஸ்-மணி என்று இன்னொரு வரம்பையும் வைத்தது. லக்ஸை மணியால் பெருக்கினால் வருவது லக்ஸ்-மணி.

இப்போது பெருக்கிப் பாருங்கள். 50 லக்ஸில், நாளுக்கு 8 மணி நேரம் விளக்கு எரிந்தால், ஓர் ஆண்டுக்கான முழு ஒதுக்கீடும் 38 நாளில் தீர்ந்துவிடும். அதே பொருளை அலுவலக வெளிச்சமான 300 லக்ஸில் வைத்தால் ஒரே வாரத்தில் தீரும். நேரடி வெயிலில் வைத்தால் 9 நிமிடம். அந்தப் பட்டுக் கொடியை இன்னும் நூறு ஆண்டு கழித்து நம் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்றால், இன்றைக்கு நாம் கொஞ்சம் கண்ணைச் சுருக்கிப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

வெளிச்சம் தின்னும்

வேட்டியில் மஞ்சள் கறை பட்டுவிட்டால் நம் வீட்டுப் பெண்கள் அதைத் தேய்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். துவைத்து வெயிலில் போடுவார்கள். சாயங்காலத்துக்குள் கறை போய்விடும். மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற சாயப்பொருளின் மூலக்கூறுகளை ஒளி உடைத்துவிடுகிறது. அருங்காட்சியகத்தில் நடப்பதும் இதே வேதியியல்தான். வேகம் மட்டும் குறைவு. கறை போனால் மகிழ்ச்சி; முந்நூறு ஆண்டுப் பழைய துணியில் மஞ்சள் போனால் அது திரும்பி வராது. ஈரத்தால் வந்த பூஞ்சணத்தை நீக்கலாம், பூச்சி அரித்ததை மேற்கொண்டு அரிக்காமல் நிறுத்தலாம். ஒளி எடுத்துக்கொண்ட நிறத்தை எந்தப் பாதுகாப்பு வல்லுநராலும் திருப்பித் தர முடியாது. இன்று பட்ட ஒளியும் நாளை படப்போகும் ஒளியும் ஒரே கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். விளக்கை அணைத்துவிட்டால் அது நிற்கும், குறையாது.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. 1888-லேயே இங்கிலாந்தில் ரஸல், ஆப்னி என்ற இரு அறிவியலாளர்கள் நீர்வண்ணங்களைக் கண்ணாடிக் குழாய்களில் வைத்து வெயிலில் காட்டிச் சோதித்து அரசுக்கு அறிக்கை தந்தார்கள். காற்றை வெளியேற்றிய குழாயில் வைத்த வண்ணங்களில் பெரும்பாலானவை மங்கவில்லை. ஒளியோடு பிராணவாயுவும் ஈரமும் கைகோத்தால்தான் சேதம் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. நம் ஊரில் வெயிலுக்கும் ஈரத்துக்கும் பஞ்சமில்லை.

எல்லாப் பொருளுக்கும் ஒரே விதி கிடையாது என்பதும் முக்கியம். கல்லுக்கும் வெண்கலத்துக்கும் சுட்ட மண்ணுக்கும் ஒளியால் ஆபத்தில்லை. கீழடியின் கருப்பு சிவப்புப் பானையை எவ்வளவு வெளிச்சத்தில் வைத்தாலும் அது நிறம் மாறாது. எண்ணெய் ஓவியமும் மரச்சிற்பமும் 150 முதல் 200 லக்ஸ் வரை தாங்கும். ஓலைச்சுவடி விசித்திரமான நிலையில் இருக்கிறது. எழுத்தில் பூசிய விளக்குக்கரி வெறும் கார்பன். ஒளி அதை ஒன்றும் செய்யாது. ஆனால் எழுத்தைத் தாங்கும் ஓலை ஒளி பட்டுப் பட்டுக் கருத்து, நொறுங்கும் தன்மை அடையும். எழுத்து இருக்கும், ஏடு இருக்காது.

மதுரை காந்தி அருங்காட்சியகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் 1959-ல் நேரு திறந்துவைத்தது. காந்தி சுடப்பட்டபோது அணிந்திருந்த, இரத்தக்கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. பருத்தி ஒளியில் பழுக்கும், வலுவிழக்கும். அந்தத் துணிக்கு மாற்று கிடையாது. அதன் மேல் எந்த விளக்கு எத்தனை மணி நேரம் எரிய வேண்டும் என்பது வெறும் மின்சாரப் பிரிவின் வேலையாக இருக்க முடியுமா?

ஏழு வாட் வந்த கதை

எல்இடி இந்தத் துறைக்குக் கிடைத்த வரம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. சிவப்பு எல்இடி 1962-லேயே அமெரிக்காவில் வந்துவிட்டது. நீல நிறத்துக்கு முப்பது ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. ஜப்பானில் அகாசாகி, அமானோ, நகமுரா மூவரும் அந்தச் சுவரை உடைத்தார்கள். 2014-ல் அவர்களுக்கு இயற்பியல் நோபல் பரிசு. நீல எல்இடியின் மேல் மஞ்சள் ஒளி தரும் பாஸ்பரைப் பூசினால் இரண்டும் கலந்து வெள்ளை. இன்று நம் வீட்டில் எரிவது அதுதான்.

இந்தியாவில் அது ஏழை வீடு வரை போனதற்குக் காரணம் 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டம். 2014-ல் அரசு நிறுவனம் ஒரு பல்பை வாங்கிய விலை 310 ரூபாய். 2016-ல் 38 ரூபாய். மொத்தக் கொள்முதலின் வலிமைக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம்.

உலகின் பெரிய அருங்காட்சியகங்களும் அதே காலத்தில் மாறின. 2013-ல் லூவர் தன் மோனாலிசாவுக்கு எல்இடி பொருத்தியது. 2014-ல் வத்திக்கானின் சிஸ்டைன் தேவாலயத்தில் ஏறத்தாழ 7,000 எல்இடிகள் ஏறின. இவர்களுக்கெல்லாம் ஆய்வகமும் வல்லுநர் படையும் உண்டு. எனக்கு அதைவிட ஆர்வமூட்டுவது அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், யூஜின் நகரப் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் ஜோர்டன் ஷ்னிட்சர் கலை அருங்காட்சியகம். 2011 வாக்கில் அந்நாட்டு எரிசக்தித் துறையின் சோதனைக்காக அங்கே ஒரு காட்சிக்கூடத்தில் 90 வாட் ஹாலஜன் விளக்குகளைக் கழற்றி 12 வாட் எல்இடி மாட்டினார்கள். கம்பியை மாற்றவில்லை, தடத்தை மாற்றவில்லை. பழைய ஹோல்டரிலேயே புதிய விளக்கு. மின்செலவு ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காக இறங்கியது. அப்போது அங்கே காட்சிக்கு இருந்தவை மனிதர்களின் அளவற்ற நுகர்வைப் பற்றிய படங்கள் என்பது பொருத்தம்தான். ஒரு சிறிய இடம், ஒரே ஒரு கூடம், முதலில் சோதனை. நாம் பின்பற்ற வேண்டிய வழி அது.

நம் ஊர்க் கணக்கைப் போடுவோம். ஒரு சின்ன அருங்காட்சியகத்தில் 60 ஹாலஜன் ஃபோகஸ் லைட், ஒவ்வொன்றும் 50 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 3 கிலோவாட். நாளுக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் என்றால் 7,200 யூனிட். அதே இடத்தில் 7 வாட் எல்இடி போட்டால் 1,008 யூனிட். ஆறாயிரத்துக்கும் மேல் மிச்சம். அதோடு முடியவில்லை. அந்த 3 கிலோவாட்டும் கடைசியில் அறைக்குள் வெப்பமாகத்தான் மாறிக்கொண்டிருந்தது. அதை வெளியேற்ற மட்டுமே குளிர்சாதனத்தில் முக்கால் டன்னுக்கு மேல் செலவாகிக்கொண்டிருந்தது. அந்தச் சுமையில் பெரும்பகுதியும் போய்விடும். ஹாலஜன் இரண்டு மூவாயிரம் மணி நேரம் எரிந்து ஓய்ந்துவிடும்; நல்ல எல்இடி 25,000 மணி நேரம், அதாவது மேலே சொன்ன கணக்கில் பத்து ஆண்டு. ஏணி போட்டு, கண்ணாடிப் பேழைக்கு மேலே கையை நீட்டிப் பல்பு மாற்றும் வேலை பத்தாண்டுக்கு ஒருமுறை என்றாகும். அப்படி ஏறும்போது ஒரு ஸ்க்ரூடிரைவர் கைதவறினால் என்ன ஆகும் என்று அஞ்சாத காப்பாட்சியர் இருக்க முடியாது.

நம் மாவட்ட அருங்காட்சியகங்களில் பல இடங்களில் இருப்பது ஹாலஜன் அல்ல, பழைய டியூப் லைட். அங்கே மிச்சம் இவ்வளவு பெரிதாக வராது. 40 வாட் டியூப், அதன் சோக் இரண்டும் சேர்ந்து 50 வாட்டுக்கு மேல் இழுக்கும். எல்இடி டியூப் 18 அல்லது 20 வாட். பாதிக்கு மேல் மிச்சம் என்றாலும், அங்கே பெரிய லாபம் வேறு இடத்தில். பழைய டியூப் புற ஊதாக் கதிரை உமிழும். அதைத் தடுக்க மேலே பிளாஸ்டிக் உறை மாட்ட வேண்டும், அந்த உறையையும் சில ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வெள்ளை எல்இடியில் புற ஊதா கிட்டத்தட்ட இல்லை.

இங்கேதான் ஏமாறுகிறோம்

புற ஊதா இல்லை, சூடு இல்லை, ஆகவே எல்இடி பாதுகாப்பானது, எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம். இந்த எண்ணம்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியே சாயத்தை வெளுக்கும். எந்த விளக்கிலிருந்து வந்தாலும் 300 லக்ஸ் 300 லக்ஸ்தான். முன்பு மின்கட்டணத்துக்குப் பயந்தாவது விளக்கைக் குறைத்தோம். இப்போது அந்தப் பயமும் இல்லை. மின்சாரத்தை ஆறில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டு வெளிச்சத்தை மூன்று மடங்காக ஏற்றிய கூடம், கணக்குப் புத்தகத்தில் வெற்றி. பேழைக்குள் இருக்கும் துணிக்கு மூன்று மடங்கு நாசம்.

நீலத்தின் கதையும் உண்டு. வெள்ளை எல்இடியின் அடிப்படை நீலம் என்பதால், அதன் ஒளியில் 450 நானோமீட்டர் அளவில் ஒரு கூர்மையான முகடு இருக்கும். மஞ்சள் நிறப் பொருள்கள் மஞ்சளாகத் தெரிவதே நீலத்தை உள்வாங்கிக்கொள்வதால்தான். ஆகவே மஞ்சள் சாயங்களுக்கு நீலம் கூடிய ஒளி நல்லதல்ல. வான்கோ பயன்படுத்திய குரோம் மஞ்சள் ஏன் பழுப்பாகிறது என்று ஆராய்ந்த ஐரோப்பிய விஞ்ஞானிகள், ஒளி பட்டு அதிலுள்ள குரோமியம் வேறு நிலைக்கு மாறுவதை 2011-ல் காட்டினார்கள். இதிலிருந்து எல்இடியே விஷம் என்ற முடிவுக்குப் போய்விடக் கூடாது. 2,700 அல்லது 3,000 கெல்வின் என்று குறிக்கப்பட்ட, இதமான மஞ்சள் சாயல் விளக்கில் இந்த நீல முகடு தணிந்திருக்கும். 6,500 கெல்வின் என்ற பால்வெள்ளையில் ஓங்கியிருக்கும். எதை வாங்குகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

வாங்குவது எது? கடையில் போய் எல்இடி டியூப் கேட்டால் கைக்கு வருவது 6,500 கெல்வின். நம் வீடு, கடை, பேருந்து நிலையம் எல்லாம் அதில்தான் மிதக்கின்றன. பளீரென்று வெள்ளையாக இருந்தால்தான் வெளிச்சம் என்று நம் கண் பழகிவிட்டது. அந்த டியூப்பை அப்படியே காட்சிக்கூடத்தில் மாட்டும்போது தஞ்சாவூர் ஓவியத்தின் தங்க ரேக்கு பித்தளையாகிவிடுகிறது. அந்த ஓவியங்கள் சிம்னி விளக்கும் எண்ணெய் விளக்கும் எரிந்த வீடுகளின் பூஜை அறைகளுக்காகத் தீட்டப்பட்டவை. தங்கம் ஒளிர வேண்டிய ஒளி அது.

சிவப்பு இன்னும் மோசமாக அடிபடுகிறது. விளக்குப் பெட்டியின் மேல் சி.ஆர்.ஐ. என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான மதிப்பெண், நூற்றுக்கு. சாதாரண எல்இடியில் 80 இருக்கும். 80 நல்ல மதிப்பெண்தானே என்று தோன்றும். ஆனால் அந்த எண் எட்டு வெளிறிய நிறங்களின் சராசரி. ஒன்பதாவதாக வரும் அடர்சிவப்பு அந்தச் சராசரியில் சேர்க்கப்படவே இல்லை. அதை ஆர்9 என்று தனியாகக் குறிப்பிடுவார்கள். 80 வாங்கிய விளக்கு அந்தச் சிவப்பில் பூஜ்யத்தை ஒட்டி நிற்பது சகஜம். ஐரோப்பிய நிலக்காட்சி ஓவியத்துக்கு அது ஒருவேளை பொறுக்கலாம். நமக்கு? குங்குமம், கூறைப்புடவை, தஞ்சாவூர் ஓவியத்தின் பின்புலம், சாயவேரில் தோய்த்த கலம்காரித் துணி, கோயில் திரைச்சீலை. நம் கலையின் உயிரே சிவப்பில் இருக்கிறது. அதைச் செங்கல் பழுப்பாகக் காட்டும் விளக்கு எத்தனை யூனிட் மிச்சம் பிடித்தாலும் அருங்காட்சியகத்துக்கு ஆகாது. சி.ஆர்.ஐ. 90-க்கு மேல், ஆர்9 குறைந்தது 50 என்று கேட்டு வாங்க வேண்டும். இந்தக் குறை தெரிந்துதான் 2015-ல் அமெரிக்க ஒளியூட்டல் பொறியாளர் சங்கம் 99 நிறங்களை வைத்துச் சோதிக்கும் புதிய முறையைக் கொண்டுவந்தது.

ரிஷபம் இல்லாத ரிஷபவாகனர்

தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் இருக்கும் ரிஷபவாகன தேவரைப் பார்த்திருப்பீர்கள். திருவெண்காட்டில் கிடைத்தவர். 1011-ஆம் ஆண்டு என்று கல்வெட்டால் காலம் சொல்ல முடிகிற அபூர்வச் சோழர் செப்புத் திருமேனி. சடையைத் தலைப்பாகைபோல் சுற்றிக்கட்டி, ஒரு காலை ஊன்றி மற்றதைக் குறுக்கே வைத்து, வலக்கையை ஒயிலாக நீட்டி நிற்கிறார். அந்தக் கை சாய்ந்திருக்க வேண்டிய ரிஷபம் இல்லை. இல்லாத மாட்டின் பாரத்தை அந்தத் தோளிலும் இடுப்பிலும் நாம் உணர்கிறோம் என்பதே அந்தச் சிற்பியின் வெற்றி.

இவருக்கு ஒளியால் எந்த ஆபத்தும் இல்லை. 50 லக்ஸ் விதி இவரைக் கட்டுப்படுத்தாது. இவரைப் போன்றவர்களுக்கு நாம் செய்யும் கொடுமை வேறு: எல்லாப் பக்கமிருந்தும் ஒரே அளவு வெளிச்சம். கூரையில் வரிசையாக டியூப் எரியும் அறையில் உலோகச் சிற்பத்துக்கு நிழலே விழாது. நிழல் இல்லாவிட்டால் உருட்சி இல்லை. மூக்கின் விளிம்பு, உதட்டோரத்தில் முகிழ்க்கும் சிரிப்பு, வயிற்றின் மெல்லிய மேடு எல்லாம் தட்டையாகி, நிழற்படத்தை வெட்டி ஒட்டியதுபோல் நிற்கும். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் திருவாலங்காட்டு நடராசரும் திருவெண்காட்டு அர்த்தநாரியும் உலகின் தலைசிறந்த உலோகச் சிற்பங்கள் என்று பெருமை பேசுகிறோம். அந்த மேன்மை கண்ணுக்குத் தெரிவது ஒளி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது.

எல்இடியின் உண்மையான வல்லமை இங்கேதான் வெளிப்படும். 10 டிகிரி குறுகிய கதிர், 25 டிகிரி, 40 டிகிரி என்று வேண்டிய அகலத்தில் சின்னச் சின்ன விளக்குகள் கிடைக்கின்றன. செங்குத்திலிருந்து சுமார் 30 டிகிரி சாய்வில், ஒரு பக்கத்திலிருந்து ஒரு முதன்மை விளக்கு. எதிர்ப் பக்கத்திலிருந்து அதில் மூன்றில் ஒரு பங்கு வலிமையில் இன்னொன்று, நிழலை முழுதும் கருப்பாக்காமல் இருக்க. பின்னாலிருந்து ஒரு மெல்லிய கோடு, உருவத்தைச் சுவரிலிருந்து பிரித்துக் காட்ட. மூன்றுமாகச் சேர்ந்து 20 வாட்டைத் தாண்டாது. கருவறையிலும் அர்த்தமண்டபத்திலும் எண்ணெய்ச் சுடர் ஒன்றின் அசைவில் உயிர்பெறும்படி வார்க்கப்பட்ட திருமேனிகள் இவை. சுடரின் நிறவெப்பம் 2,000 கெல்வினை ஒட்டியது. அருங்காட்சியகத்தில் சுடரை ஏற்ற முடியாது, ஏற்றவும் வேண்டாம். 2,700 கெல்வினில், ஒரு பக்கமிருந்து வரும் ஒளியாவது தரலாமே.

கல்லும் உலோகமும் ஒரு கூடத்தில், துணியும் ஏடும் இன்னொரு கூடத்தில் என்று பிரிக்க முடிந்தால் பாதி வேலை முடிந்தது. சிறிய அருங்காட்சியகத்தில் எல்லாம் ஒரே அறையில் இருக்கும்; நடராசருக்கு வைத்த விளக்கு பக்கத்துப் பேழையின் புடவையில் விழும். விளக்கைத் தொடும் முன்பே பேழைகளை இடம் மாற்றுவது பற்றி யோசிக்க வேண்டும்.

முதலில் சன்னலை மூடுங்கள்

புதுக்கோட்டை அருங்காட்சியகம் சமஸ்தான காலத்தில் 1910-ல் தொடங்கியது. எழும்பூர் 1851. இத்தகைய பழைய நிறுவனங்களின் கட்டடங்களிலும், அருங்காட்சியகமாக மாறிய அரண்மனைகளிலும், பங்களாக்களிலும் உயரமான சன்னல்களும் கூரைக் கண்ணாடிகளும் இருப்பதற்குக் காரணம் எளிது: மின்விளக்கு இல்லாத காலத்துக் கட்டட முறை அது. வெயில்தான் விளக்கு. அந்தச் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே விலையுயர்ந்த எல்இடி போடுவதில் பொருளே இல்லை. சாதாரணக் கண்ணாடி புற ஊதாவில் ஒரு பகுதியை மட்டுமே தடுக்கும். மரச்சட்டத் தடுப்பு, வெளுத்த தடித்த திரை, புற ஊதாவை வடிகட்டும் படலம் எல்லாம் விளக்கைவிட மலிவு. அந்தச் செலவுதான் முதலில்.

அடுத்து ஒரு லக்ஸ் மீட்டர். சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் கையடக்கக் கருவி. அது இல்லாத அருங்காட்சியகத்தில் விளக்கு மாற்றும் பேச்சையே எடுக்கக் கூடாது என்பேன். ஒவ்வொரு பேழையின் மேலும் அளந்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், காலை, நண்பகல், மாலை. எங்கே சன்னல் வெயில் எட்டிப்பார்க்கிறது என்பது அந்த நோட்டிலேயே தெரிந்துவிடும். நீலக் கம்பளிப் பட்டை என்று ஒன்று உண்டு. எட்டு வகை நீலச் சாயம் ஏற்றிய துணித்துண்டுகள், ஒன்றைவிட மற்றொன்று மெதுவாக வெளுக்கும். பாதியை அலுமினியத் தாளால் மூடிப் பொருளின் அருகில் வைத்துவிட்டால், ஓராண்டு கழித்து மூடிய பாதியும் திறந்த பாதியும் உண்மையைச் சொல்லும். மஞ்சளில் தோய்த்த பருத்தித் துண்டு ஒன்றை அதேபோல் சன்னலோரம் வைத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். சில நாளிலேயே தெரியும் மாற்றத்தைப் பார்த்த பிள்ளை, இந்தக் கூடம் ஏன் இருட்டாக இருக்கிறது என்று பிறகு கேட்காது.

பேழைக்குள் விளக்கு வைப்பதைப் பற்றி ஓர் எச்சரிக்கை. எல்இடியில் சூடு இல்லை என்பது பாதி உண்மை. ஒளிக்கதிரில் சூடு இல்லை. விளக்கின் முதுகில் இருக்கிறது. அதோடு வரும் டிரைவர் என்ற மின்மாற்றிப் பெட்டியும் சுடும். இரண்டும் மூடிய பேழைக்குள் இருந்தால் பகலில் உள்காற்று சூடாகி வெளியேறும், இரவில் குளிர்ந்து வெளிக்காற்றை ஈரத்தோடு உள்ளே இழுக்கும். தினமும் இப்படி மூச்சுவிடும் பேழையில் வெண்கலத்துக்கு வரும் பச்சை நோய்க்குக் கதவைத் திறந்துவிட்டது நாமே. டிரைவரைப் பேழைக்கு வெளியே வையுங்கள். எல்இடிகள் அற்பாயுளில் போவதும் பெரும்பாலும் டிரைவரால்தான். நம் ஊர் மின்னழுத்த ஏற்ற இறக்கத்தில் ஒரு நல்ல சர்ஜ் தடுப்பான் பல விளக்குகளைக் காப்பாற்றும். மலிவான டிரைவர் விளக்கைக் கண்ணுக்குத் தெரியாமல் துடிக்க வைக்கும். கைபேசிக் கேமராவில் ஸ்லோமோஷன் போட்டுப் பாருங்கள், திரையில் பட்டை பட்டையாக ஓடினால் அந்த விளக்கு வேண்டாம்.

வெளிச்சத்தைக் குறைக்க விலையுயர்ந்த கருவிதான் வேண்டும் என்பதும் இல்லை. விளக்கை இரண்டு மடங்கு தூரத்துக்குத் தள்ளினால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகும். யாரும் இல்லாதபோது அணைந்து, ஆள் வந்தால் மெல்ல எரியும் சென்ஸார் இப்போது அடுக்குமாடி மாடிப்படிகளிலேயே வந்துவிட்டது. குழல் விளக்கு இப்படி அடிக்கடி அணைந்து எரிந்தால் சீக்கிரம் போய்விடும். எல்இடிக்கு அது பொருட்டே இல்லை. நாளுக்கு 8 மணி நேரம் எரிந்த விளக்கு, பார்வையாளர் நின்ற 1 மணி நேரம் மட்டும் எரிந்தால், 50 லக்ஸில் 38 நாளில் தீர்ந்த ஆண்டு ஒதுக்கீடு 300 நாளுக்கு வரும். மின்சார மிச்சத்தைவிட எல்இடி அருங்காட்சியகத்துக்குத் தரும் பெரிய கொடை இதுதான் என்பது என் எண்ணம். அதுவும் முடியாத இடத்தில் பேழை மேல் ஒரு கருப்புத் துணியைப் போட்டு, விலக்கிப் பார்க்கவும் என்று எழுதி வைத்தால் போதும். குழந்தைகளுக்கு அதைவிட ஆவலைத் தூண்டும் காட்சிப்பொருள் கிடையாது.

மூத்தவர்களை மறந்துவிடக் கூடாது. 60 வயதுக்காரரின் விழித்திரையை எட்டும் ஒளி, 20 வயதுக்காரருக்கு எட்டுவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். 50 லக்ஸ் அவருக்கு உண்மையிலேயே இருட்டு. வெயிலிலிருந்து நேராகத் துணிக் கூடத்துக்குள் அவரைத் தள்ளாமல், நடுவில் ஓர் இடைநிலை அறையும் உட்கார ஒரு பெஞ்சும் இருந்தால் கண் பழகிவிடும். விளக்கக் குறிப்பைப் பெரிய எழுத்தில், பேழைக்கு வெளியே தனி வெளிச்சத்தில் வையுங்கள். படிக்க முடியாத எரிச்சலைத்தான் பலர் இருட்டின் மேல் காட்டுகிறார்கள்.

டெண்டரில் என்ன எழுதுவது

அரசு அருங்காட்சியகத்தில் எல்லாம் கடைசியில் டெண்டருக்கு வரும். "20 வாட் எல்இடி டியூப், எண்ணிக்கை 80" என்று எழுதினால், குறைந்த விலைப்புள்ளி தந்தவருக்கு வேலை போகும். அவர் மேல் தப்பில்லை, கேட்டதைத்தான் தருகிறார். கேட்பதை மாற்ற வேண்டும். நிறவெப்பம், சி.ஆர்.ஐ., ஆர்9, கதிரின் அகலம், ஒளி தணிக்கும் வசதி, டிரைவரைத் தனியாக மாற்ற முடியுமா, எத்தனை ஆண்டு உத்தரவாதம் எல்லாம் எழுத்தில் வர வேண்டும். ஒரே தயாரிப்புத் தொகுதியிலிருந்து பத்து விழுக்காடு கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று ஆண்டு கழித்து வாங்கும் அதே பெயர் விளக்கு அதே நிறத்தில் இருக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு நிபந்தனை: வேலை முடிந்ததும் காப்பாட்சியர் மீட்டரோடு வருவார், ஒவ்வொரு பேழையிலும் குறித்த லக்ஸ் இருந்தால்தான் பட்டியல் பாஸாகும். கழற்றிய டியூப்களில் பாதரசம் இருக்கிறது. அவற்றைப் பின்கட்டில் குவித்து உடைய விடாமல், மின்கழிவு எடுப்பவரிடம் ஒப்படைப்பதும் அதே ஒப்பந்தத்தில் சேர வேண்டும்.

எந்த அருங்காட்சியகமும் ஒரே வீச்சில் மாற வேண்டாம். ஒரு கூடத்தை எடுத்துக்கொண்டு, இரண்டு மூன்று நிறுவனங்களின் விளக்கை மாட்டிப் பார்த்து, ஒரு மாதம் பார்வையாளர்களும் காவலாளியும் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுவிட்டு அடுத்ததுக்குப் போகலாம். நாள் முழுக்க அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் காவலாளிக்கு எந்தப் பேழையில் கண் கூசும், எங்கே பிள்ளைகள் எட்டிப் பார்க்கச் சிரமப்படுகிறார்கள் என்பது நன்றாகத் தெரியும்.

கடைசியாக, பணம். மேலே போட்ட கணக்கில் மிச்சமான 6,192 யூனிட்டை, யூனிட்டுக்கு 9 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு 55,000 ரூபாய்க்கு மேல் வரும். சிறிய அருங்காட்சியகத்துக்கு இது பெரிய தொகை. ஆனால் மின்கட்டணத் தலைப்பில் மிஞ்சிய நிதி மார்ச் 31 அன்று காலாவதியாகிவிடும். மிச்சம் பிடித்த அருங்காட்சியகத்துக்கு அதில் ஒரு ரூபாயும் வராது, அடுத்த ஆண்டின் ஒதுக்கீடும் குறையும். அரசு ஓர் ஆணை போடலாம்: விளக்கு மாற்றிய முதல் ஐந்து ஆண்டுகளுக்கு, மிச்சமாகும் மின்கட்டணம் அந்தந்த அருங்காட்சியகத்தின் பாதுகாப்புச் செலவுக்கே. சிலிக்கா ஜெல், சன்னல் படலம், அமிலமற்ற அட்டைப்பெட்டி, ஈரமானி, பயிற்சிக்கு அனுப்ப ஓர் ஊழியரின் பயணப்படி. இவை எல்லாமே அந்த 55,000 ரூபாய்க்குள் அடங்கும்.